குடிக்காதவனுக்குப் பாய் கிடையாது

திருத்தணியில் வீடில்லாமல் இருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வீடு ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

பரசுராமனிடம் பதில் இருந்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏரிக்கரையில குடிசை போட்டுகினு இருந்தோம். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிகினு இருந்தேன். ஏரியைக் காப்பாத்தணும்னு மிஷின் வந்துச்சு. குடிசையை வாரிகினு போச்சு. அவ்ளோதாங்க" என்பார்.

கேட்டவர்கள் சற்றுக் காத்திருப்பார்கள், கதையில் இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. பிறகு, "அது சரி, நீ இன்னா பண்ணே?" என்பார்கள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். ஒன்றும் பண்ணாதவன் தெருவுக்கு வரமுடியும் என்றால், ஒன்றும் பண்ணாத தாங்களும் ஒருநாள் வரவேண்டியிருக்குமே. அதை யார் விரும்புவார்கள்?

அவரும் மனைவி மணியம்மையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மகளை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரே அறைக்குள் தறி, அடுப்பு, மாமனார், மாமியார், குழந்தைகள் எல்லாம் இருந்ததால் காலை நீட்ட இடமில்லை. கடை திறப்பதற்கு முன் மணியம்மை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவாள். பரசுராமன் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார். கடைக்காரர் அவர்களை ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அந்தத் தெருவில் செய்யக்கூடிய பெரிய தருமம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வருவதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு வண்டி வரும். ஊர் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவில் படுத்திருப்பவர்களை அதில் ஏற்றி, எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவிழா வந்தால், அங்கிருப்பவர்களை நம் பக்கம் கொண்டுவந்து இறக்குவார்கள். இரண்டு மாநிலங்களும் சண்டை சச்சரவு இல்லாமல் பகிர்ந்துகொள்ளும் விஷயம் இது ஒன்றுதான்.

இந்த வருஷம் இறக்கிவிட்ட இடத்தில் நல்ல மழை. நனைந்துகொண்டே ஊருக்குத் திரும்பி நடந்ததில் மணியம்மைக்கு இளைப்பு கண்டுவிட்டது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்கறையாகத்தான் பேசினார்.

"ஈரத் தரை ஆகாதும்மா. வீட்டுல சுவரை ஒட்டிப் படுக்காதீங்க. சுவத்துல ஓதம் இருக்கும்."

"சரிங்க" என்றார் பரசுராமன். அந்த அறிவுரையில் பாதியை அவர்கள் ஏற்கெனவே கடைப்பிடித்து வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குணசேகரன் எதிரே வந்தான். முன்பு இதே பந்தலுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தவன். இப்போது மொட்டைத் தலையும் மஞ்சள் சட்டையும் மஞ்சள் வேட்டியுமாக ஆளே மாறியிருந்தான்.

"நைனா, நான் இப்ப திருந்துவோர் இல்லத்துல கீறேன். தலைக்கு மேல சுத்தற காத்தாடி, பாய், ரெண்டு வேளை சோறு. அத்தையை இட்டுகினு வந்துடு" என்றான். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, "வர்றப்போ ஒரு தப்போட வா நைனா. வெறுங்கையோட வராதே" என்றான்.

தப்போடு எப்படி வருவது என்று பரசுராமனுக்குப் புரியவில்லை. மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்.

அதே தெருவில் நல்லோர் பேரவை நடத்திய அந்த இல்லம் சுத்தமாக இருந்தது. வாசலில் மனமாற்ற ஆலோசகர் தேவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம். உண்மையாகவே உதவி செய்ய நினைக்கிற பெண் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"வாங்க ஐயா. உங்க தவறு என்னங்க?"

"தவறு ஒண்ணும் இல்லம்மா. இவளுக்கு இளைப்பு."

"இளைப்பு நோய்ங்க. நான் தவறைக் கேக்கறேன்."

பரசுராமன் ஏரி, மிஷின், குடிசை எல்லாவற்றையும் சொன்னார். தேவிப்பிரியா பாதியில் நிறுத்தாமல் கேட்டாள்.

"பாவங்க. ஆனா அது சம்பவம். சம்பவத்துக்கெல்லாம் நாங்க பாய் கொடுக்க முடியாது" என்றாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். பெரிய கூடம் குடிப் பிரிவுக்கு. குடியை ஒழிக்க நன்கொடை தருகிறவர்கள் அதிகம் என்பதால் மின்விசிறிகளும் அங்கேதான் அதிகம். பின்கட்டில் சூதுப் பிரிவு, கொசு உண்டு. சோம்பல் பிரிவுக்குத் திறந்த வராந்தா. விசிறி போட்டால் சோம்பல் வளரும் என்று பேரவை கருதியது. பெண்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கூடம். பெண்களுக்கென்று தனியாகத் தவறு தேவையில்லை, கணவனுடையதே போதும்.

"தவறு இல்லாதவங்களுக்கு எங்கம்மா?"

தேவிப்பிரியா யோசித்தாள். அப்படி ஒருவரை அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை. "எதுக்கும் தலைவர் ஐயாவைப் பார்த்துடுங்க" என்றாள்.

பேரவைத் தலைவர் சடகோபன் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது எதிரே நின்றுகொண்டிருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"உட்காரு பரசுராமா. வேண்டாம், நின்னுகிட்டே கேளு. உட்கார்ந்து உட்கார்ந்துதான் இந்த நிலைமைக்கு வந்திருக்கே. எனக்கு மூணு வீடு இருக்கு. ரெண்டைப் பூட்டி வெச்சிருக்கேன். ஏன் தெரியுமா? வாடகைக்கு விட்டா சுவத்துல ஆணி அடிப்பாங்க. வீட்டு மேல மனுஷனுக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கணும். உனக்கு அந்த மரியாதை இருந்திருந்தா வீடு உன்னை விட்டுப் போயிருக்குமா?"

"மிஷின் வந்துச்சுங்க."

"என் வீட்டுக்கு ஏன் மிஷின் வரலே?"

பரசுராமன் தலையைச் சொறிந்தார். "உங்க வீடு எங்கங்க கீது?"

"அதே ஏரிதான். நீ கரையில இருந்தே. நான் ஏரிக்குள்ளயே இருக்கேன், அப்ரூவல் வாங்கின மனையில. கரையில இருக்கிறவன் ஏரியைக் கெடுக்கறான். நான் இருக்கிற இடத்துல ஏரியே கிடையாது. நான் எதைக் கெடுக்க முடியும்?"

இதற்குப் பதில் இருப்பதுபோல் பரசுராமனுக்குத் தோன்றியது. அதற்குள் வெளியே மணியம்மை இருமும் சத்தம் கேட்டதால் மறந்துவிட்டார்.

சடகோபன் கருணையோடு ஒரு வழி சொன்னார். இருப்பதிலேயே லேசான தவறு சோம்பல். அதற்கு மனு போடலாம். ஆனால் பேரவை யாரையும் வாய் வார்த்தையில் நம்புவதில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்கப் பெஞ்சியில் சும்மா உட்கார்ந்து காட்ட வேண்டும்.

மறுநாள் பரசுராமன் பெஞ்சியில் உட்கார்ந்தார். தேவிப்பிரியா எதிரே உட்கார்ந்து கவனித்தாள். முதலில் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்த் துணி கிழித்துக் கட்டிவிட்டு வந்தார். வேப்பஞ்சருகு காற்றில் பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது, பெருக்கினார். சமையலுக்கு அரிசி மூட்டை வந்து இறங்கியபோது வண்டிக்காரன் தனியாகத் திண்டாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் தோள் கொடுத்தார். சோம்பல் பிரிவினர் வராந்தாவில் படுத்தபடியே, இந்த ஆள் வந்தால் எங்கள் பெயர் கெட்டுவிடும் என்று ஆட்சேபித்தார்கள்.

"கொஞ்சம் ஒத்துழைச்சிருக்கலாம் ஐயா" என்றாள் தேவிப்பிரியா. அவள் கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. பாத்திரக் கடைப் பந்தலில் தண்ணீர் ஒழுகியது. மணியம்மையால் படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினான்.

"குடின்னு சொல்லிடு நைனா. அதுலதான் காத்தாடி."

"நான் குடிச்சதில்லியேடா."

"நான் மட்டும் இன்னா, சூதாடினேனா? சீட்டுக்கட்டுல எத்தினி ராஜான்னே எனுக்குத் தெரியாது. மொதல்ல சூதுன்னு சொல்லி உள்ள போனேன். கொசு புடுங்குச்சு. அப்புறம் குடிக்கு மாறிட்டேன், ப்ரமோஷன் மாரி."

"நெஜமா இன்னாதான்டா ஆச்சு உனுக்கு?"

குணசேகரன் வலது கையை நீட்டினான். மூன்று விரல்கள் இல்லை. "கம்பெனி மிஷின்ல போச்சு. வேலையும் போச்சு. இத்தைத்தான் மொதல்ல காமிச்சேன். விரல் இல்லாததுக்கு இங்க பிரிவு இல்லன்னுட்டாங்க."

அந்த மழையிலேயே பாடம் ஆரம்பமாயிற்று. நாக்கைக் குழறச் சொன்னான். பரசுராமன் பல்வலிக்காரர்போல் பேசினார். தள்ளாடச் சொன்னான், காலில் முள் குத்தியவர்போல் நொண்டினார். மணியம்மைக்கு இளைப்போடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"வெத்தலை போட்டாலே தல சுத்தும் இந்தாளுக்கு. இவரைப் போயி" என்று சொல்லிச் சிரித்தாள். பரசுராமன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயசிலிருந்து 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். "வோணாம் வுடு பாவா, உனுக்கு வராது" என்றாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. பரசுராமன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் குடிகாரனாவது என்று முடிவு செய்தார்.

வாரத்துக்கு ஒருமுறை மனம் திறக்கும் மன்றம் கூடும். பேரவை உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்து போண்டா சாப்பிட, புதிதாக வருகிறவர்கள் எதிரே நின்று தங்கள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தினம் ஒரு சொம்பு பிராந்தி குடிச்சேங்க" என்றார் பரசுராமன்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொம்புல எவன்யா குடிப்பான்?" என்றார் ஒருவர்.

"கரும்பு வெட்டற உடம்புக்கு ஒரு குவார்ட்டர் தாராளம்" என்றார் இன்னொருவர்.

"தண்ணியா, சோடாவா?" என்று பொருளாளர் நுட்பமாகக் கேட்டார்.

பரசுராமனுக்கு இந்தக் கேள்வி வரும் என்று குணசேகரன் சொல்லித்தரவில்லை. கரும்புக் காட்டு வெயிலில் தான் எதைக் குடித்தோம் என்று யோசித்தார். "மோருங்க" என்றார்.

பொருளாளர் கையிலிருந்த போண்டாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக எத்தனையோ சோகக் கதைகளைக் கலங்காமல் கேட்டவர் அவர்.

"இவ்வளவு கீழே இறங்கின ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்றார் சடகோபன், தழுதழுத்த குரலில். "சரி. மனைவியை அடிச்சியா?"

பரசுராமன் வாயைத் திறந்தார். பிராந்தி வந்த வாயில் இது வரவில்லை. "அது வந்துங்க" என்றார்.

"அடிக்காத குடி அரைக் குடிதானே? அரைப் பாயா கொடுக்க முடியும்?" என்றார் ஒருவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து மணியம்மை எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒருதரம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆங். அடிச்சாரு" என்றாள்.

"எதால?"

"கையாலதான்."

அவள் உட்கார்ந்து தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பரசுராமன் தன் கைகளைப் பார்த்தார், யாரோ அவரிடம் கொடுத்துவிட்டுப் போன கைகளைப் பார்ப்பதுபோல.

பாய் கிடைத்தது. அவருக்கு ஆண்கள் கூடத்தில், அவளுக்கு எதிர்க்கூடத்தில். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் இருவரும் பேசிக்கொள்ள முடிந்தது.

"ஏன் மணி அப்படிச் சொன்னே?"

"பாய் வோணும்ல. வாயாலதானே சொன்னேன். வுடு பாவா."

இல்லத்துக்கு வருகிறவர்களுக்குப் புதுப்பிறவி என்று பெயர் சொல்லி மொட்டை அடிப்பது வழக்கம். மலைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு முடி இறக்கிப் பழகிய கை என்பதால், நாவிதர் பரசுராமனின் தலையிலும் பழக்கதோஷத்தில் சந்தனத்தைப் பூசிவிட்டார். உடுத்திக்கொள்ள மஞ்சள் துணி. ஒரு ஜவுளிக்கடையில் விலை போகாமல் தங்கிவிட்ட துணியை முதலாளி புண்ணியத்துக்குக் கொடுத்திருந்தார்.

தினமும் சாயங்காலம் முற்றத்தில் மைக் வைப்பார்கள். ஒவ்வொருவரும் தன் தவறைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். போகிற வருகிறவர்களுக்கும் அது பயன்பட வேண்டும் என்பது பேரவையின் கொள்கை. பெண்கள் கடைசியில் சேர்ந்து 'ஆமாம்' என்று சொன்னால் போதும்.

"என் பேரு பரசுராமன். நான் குடிச்சேன். பொண்டாட்டியை அடிச்சேன். என் தப்பால வீதிக்கு வந்தேன்."

"ஆமாம்" என்றார்கள் பெண்கள். அதில் மணியம்மையின் குரல் இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் உற்றுக் கேட்கவில்லை.

ஆனால் தெருவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பாத்திரக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே கேட்டுவிட்டு, "அப்பவே நெனைச்சேன்" என்றார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கச் சொன்னவர்களும், பூக்கடைக்காரியும், ஆட்டோ நிறுத்தத்தில் நின்றவர்களும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஏரி, மிஷின் என்று இத்தனை நாள் மென்று முழுங்கியவன் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டான். எல்லோருக்கும் மனசு லேசாயிற்று.

மணியம்மைக்கும் மூச்சு கொஞ்சம் லேசாயிற்று. காய்ந்த தரையும் வேளைக்குச் சோறும் வேலை செய்தன. அதனால் பரசுராமன் சாயங்காலந்தோறும் மைக்கின் முன்னால் போய் நின்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். ஆந்திரப் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய குடும்பங்கள், மஞ்சள் துணி, புஷ்பக் காவடிகள், மலையடிவாரம் முழுக்க அரோகரா. இவ்வளவு ஜனம் கூடும்போது அவர்களைத் திருத்தாமல் விடுவது வீண் என்று சடகோபனுக்குத் தோன்றியது. திருந்துவோர் ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவர் தோளிலும் மூங்கில் கழியில் அடித்த ஒரு பலகை. பரசுராமனின் பலகையில், 'குடித்தேன், கெட்டேன். என்னைப் பார்த்துத் திருந்துங்கள்' என்று எழுதியிருந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருவதால் பலகைகளைச் சுற்றிச் சாமந்தி மாலை கட்டச் சொன்னார். செருப்புப் போடாமல் நடந்தால் உருக்கமாக இருக்கும் என்று பொருளாளர் யோசனை சொன்னார்.

இப்படியாக மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தோளில் பூச்சுற்றிய சுமை எல்லாவற்றோடும் பரசுராமன் அடிவாரத் தெருவில் நடந்தார். வெயிலில் தார் சுட்டது. பலகையில் எழுதியிருப்பதை எல்லோரும் படிப்பார்கள் என்ற கூச்சத்தில் தலையைக் குனிந்தே நடந்தார்.

திடீரென்று பாதத்தில் குளிர்ந்தது. பார்த்தால், ஒரு பெண் குடத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை அவர் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். புத்தூர்ப் பக்கத்துக்காரியாக இருக்கலாம். தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. காவடி எடுத்து வருகிற பெரியவரின் காலுக்கு என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தாள். ஊற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் விழுந்தார்கள்.

பரசுராமன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் காலில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. வண்டியில் ஏற்றியவர்கள் மிதித்தது உண்டு.

அந்தப் பெண் இடுப்பிலிருந்த கைக்குழந்தையை அவர் முன்னால் நீட்டினாள். "மா பாப்பகி ஒண்ட்லோ பாகலேது சுவாமி. தீவிஞ்சண்டி" என்றாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம், ஆசீர்வாதம் கேட்கிறாள். குழந்தையின் நெஞ்சிலிருந்து மணியம்மையுடையதைப் போலவே ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

அந்த எளிய முகத்தை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை. தான் சாமி இல்லை என்று சொல்ல நினைத்தார். வேறொன்று வந்துவிட்டது.

"நேனு தாகுபோத்துனு காதம்மா" என்றார். நான் குடிகாரன் இல்லம்மா.

அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். "எவரன்னாரு சுவாமி?" என்றாள். யார் சொன்னது?

யார் சொன்னது என்று இத்தனை நாளில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. தோளில் இருக்கும் பலகையைக் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. குழந்தையின் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு நடந்தார். பலகை கனக்கவே இல்லை.

பக்கத்தில் வந்துகொண்டிருந்த தேவிப்பிரியாவுக்குத் தாய்வீடு சித்தூர்ப் பக்கம். தெலுங்கு நன்றாகவே தெரியும். அவள் பொய் பேசாத பெண். நடந்ததைத் தலைவரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பகலில் மன்றம் அவசரமாகக் கூடியது. இந்தமுறை போண்டா இல்லை.

"பொது இடத்துல நின்னு குடிக்கலைன்னு சொல்லியிருக்கே" என்றார் சடகோபன். "அதுவும் தெலுங்குல. பேரவையோட பேரு இன்னொரு மாநிலத்துலயும் கெட்டுப்போச்சு. உன்னை மாதிரி ஆளு குடிக்கலைன்னா ஜனங்க என்ன நெனைப்பாங்க? அப்ப இவன் ஏன் தெருவுல இருக்கான்னு கேக்க மாட்டாங்களா? அந்தக் கேள்விக்கு நாங்க எங்க போயி பதில் தேடறது?"

பரசுராமன் வேட்டி நுனியால் மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்லை. சாயங்காலம் மைக்ல மன்னிப்புக் கேளு. குடிக்கலைன்னு சொன்னப்போ குடிச்சிருந்தேன்னு சொல்லிடு. எல்லாம் சரியாயிடும்."

"சொல்றேங்க" என்றார் பரசுராமன் உடனே. முந்தின நாள் மணியம்மை இருமாமல் தூங்கினாள் என்று எதிர்க்கூடத்துப் பெண்கள் சொல்லியிருந்தார்கள்.

"வோணாம்."

மணியம்மை எழுந்து நின்றிருந்தாள். கையில் துணிப்பை இருந்தது. வரும்போதே கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இந்த மனுஷன் குடிச்சதில்ல. எம்மேல ஒருநாளும் கையை ஓங்கினதில்ல. எனுக்கோசரம் இவரு குடிகாரனானாரு. அடிச்சாருன்னு நான்தான் பொய் சொன்னேன், அந்தப் பாய்க்கோசரம். உங்க பாயி உங்க கையிலயே இருக்கட்டும். வா பாவா, போலாம்."

உறுப்பினர்கள் தலைகளைச் சேர்த்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். நிமிர்ந்தபோது சடகோபனின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"பொய்" என்றார், புதையல் எடுத்தவரைப்போல. "எவ்வளவு பெரிய தவறு! இத்தனை நாளா நம்ம இல்லத்துல பெண்களுக்குன்னு சொந்தமா ஒரு தவறு இல்லாம இருந்தது. எத்தனை அநீதி! இன்னியிலேர்ந்து பெண்களுக்குப் பொய்ப் பிரிவு தொடங்கறோம். அதுல முதல் இடம் இந்த அம்மாவுக்கு. பாய் நிரந்தரம். ஒரு கம்பளியும் கொடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். தேவிப்பிரியாவும் சந்தோஷமாகத் தட்டினாள்.

"பரசுராமனைப் பொறுத்தவரைக்கும், அவர் மேல எந்தத் தவறும் இல்லைன்னு தெளிவாயிடுச்சு. அதனால அவரை உடனே வெளியே அனுப்பணும். தவறு செஞ்சவங்க இடத்தை ஒரு நல்ல மனுஷன் அடைச்சுக்கறது நியாயம் இல்லை."

எழுந்து வந்து பரசுராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கையைக் குலுக்கினார். குற்றமே செய்யாத ஒரு மனிதரைத் தன் வாழ்நாளில் சந்தித்ததற்குப் பெருமைப்படுவதாகச் சொன்னார். பிறகு, அந்தப் பொன்னாடை அடுத்தமுறை வரப்போகும் அதிகாரிக்கு வாங்கியது என்பதால், பொருளாளர் அதைப் பதமாக மடித்து எடுத்துக்கொண்டார்.

கேட்டருகே வந்தபோது மேகம் இறங்கியிருந்தது. மணியம்மையும் பையோடு பின்னாலேயே வந்தாள். பரசுராமன் பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கேட்டுக்கு உட்புறமாக வைத்தார்.

"நீ உள்ள போ மணி."

"உன்னை வெளில வுட்டுட்டா?"

"மழைக்காலம் போவட்டும்."

"நாலு பேரு கேட்டா இன்னான்னு சொல்லுவேன்? புருஷன் தெருவுல, பொண்டாட்டி காத்தாடிக்கு அடியிலன்னா?"

"குடிக்காத புருஷன்னு சொல்லு."

அவள் அழுதாள். அழுதால் மூச்சு திணறும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அழக்கூட முடியாத உடம்பை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்க அவளால் முடியவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சுவத்துக்கு இந்தப் பக்கந்தான் படுத்துகினு இருப்பேன். இருமினா கேக்கும்" என்றார்.

"சுவத்தை ஒட்டிப் படுக்காதீங்கன்னு டாக்டரு சொன்னாரே."

"அது உனுக்குச் சொன்னது."

கேட்டைச் சாத்தினார்கள். தவறில்லாதவர்கள் உள்ளே வராமல் இருக்கத் தாழ்ப்பாளும் போட்டார்கள்.

ஊர்வலம் முடிந்து, பலகைகளைச் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் சாய்த்துப் போட்டிருந்தார்கள். வாடிய சாமந்தியோடு தன்னுடையதைப் பரசுராமன் தேடி எடுத்தார். கழியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பலகையைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். மேலே ஒரு ஓரத்துக்குத் தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. பாதி உடம்பு நனையாது.

சாயங்காலம் மைக் கரகரத்தது. வழக்கமான தவறுகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன. குணசேகரன் வழக்கம்போல் பிள்ளைகளின் பால் காசைக் குடித்து அழித்தான்; அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்புறம் ஒரு மூச்சு, உள்ளே போகும்போது ஒரு சத்தத்தோடு.

"என் பேரு மணியம்மை. என் வூட்டுக்காரரு பரசுராமன் என்னை அடிச்சாருன்னு பொய் சொன்னேன். அவரு அடிச்சதே இல்ல. அவரு குடிச்சாருன்னு சொன்னதுக்கு ஆமாம்னு சொன்னேன். அவரு குடிச்சதே இல்ல. ஏரிக்கரையில குடிசையில இருந்தோம். மிஷின் வந்துச்சு."

"தவறை மட்டும் சொல்லுங்கம்மா" என்றது தேவிப்பிரியாவின் குரல், மெதுவாக.

"அதைத்தான் சொல்றேன்."

"என்ன ஒரு பச்சாதாபம்!" என்று சடகோபன் வியப்பது கேட்டது. "சத்தத்தைக் கூட்டி வையுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கட்டும். தினமும் இந்த அம்மாவே முதல்ல பேசட்டும்."

சத்தம் கூடியது. பாத்திரக் கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். பூக்கடைக்காரி கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டாள். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள், பிறகு மழை வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டியவர்கள்போல் வேகமாக நடந்தார்கள்.

பரசுராமன் வார்த்தைகளைக் கேட்கவில்லை. அவை அவருக்குத் தெரிந்தவைதான். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் இழுக்கும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்று தோன்றியது.

முதல் தூறல் விழுந்தபோது எழுந்தார். பலகையை, எழுத்து தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டார். அதன் மேல், சுவரை ஒட்டிப் படுத்தார்.